ரஃப் நோட்டு: கோடு போடாதது, லாங் சைஸ், 45 ரூபாய்

நம் பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வகை நோட்டு உண்டு. ஃபேர் நோட்டு என்றால் பிரவுன் அட்டை, லேபிள், சிவப்பு மார்ஜின், தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு எல்லாம் வேண்டும். கட்டுக்கட்டாக ஆசிரியர் மேஜைக்கு வரும், கையெழுத்தாகித் திரும்பும். ரஃப் நோட்டை ஒருவரும் கேட்பதில்லை. முன்பக்கத்திலிருந்து கணக்கு ஓடும். பின்பக்கத்திலிருந்து புள்ளி வைத்து ஆடிய கட்டம் வரும். நடுவில் யாரோ ஒரு பையன் பெயருக்கு ஃப்ளேம்ஸ் போட்டு, அதைக் கிறுக்கி அழித்திருக்கும். தமிழாசிரியையாக வேலை பார்த்த காலத்தில் நான் திருத்திய ஃபேர் நோட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. ரஃப் நோட்டு ஒன்றைக்கூடத் திருத்தியதில்லை.

இப்போது அதே ரஃப் நோட்டை எனக்காகவே காசு கொடுத்து வாங்குகிறேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பேனாவுக்கும் டைரிக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். இந்த ஏழை நோட்டுக்கு ஒருவரும் எழுதிக் காணோம்.

ஓய்வுக்குப் பிறகு நான் செய்வது மலர் எழுதும் வேலை. மணிவிழா மலர், பள்ளிப் பொன்விழா மலர், கும்பாபிஷேக மலர், சில சமயம் பதினாறாம் நாளுக்கு நினைவு மலர். வீட்டார் வந்து உட்கார்ந்து சொல்வார்கள், நான் எழுதிக் கொடுப்பேன், சிவகாசியில் அச்சாகும். 2021இல் தமிழக அரசு ஓய்வு வயதை 60 ஆக்கிய பிறகு, பணி ஓய்வும் மணிவிழாவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஒரே மலரில் இரண்டையும் முடித்துவிடலாமா டீச்சர் என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

எழுத உட்கார்ந்தால் என் பக்கத்தில் ஒரு சிவப்பு மைப் பேனாவும் வந்து உட்காரும். ‘அவருடைய உழைப்பை பற்றி’ என்று கை எழுதிக்கொண்டிருக்கும்போதே, ‘ப் எங்கே?’ என்று அது கேட்கும். ஒற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், உழைப்பைப் பற்றிச் சொல்ல வந்தது போன இடம் தெரியாது. ஊரார் பிள்ளைகளின் நோட்டில் காலமெல்லாம் ஒற்றுப் போட்ட கைக்கு இது தொழில் வியாதி. நல்ல தாளில் எழுதினால் வியாதி முற்றும். ரஃப் நோட்டில் எழுதினால் அடங்கும். அது எப்படி என்று யோசித்துப் பார்த்ததில், பாதிக் காரணம் மனசு, பாதிக் காரணம் நிஜமாகவே அந்தத் தாள்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் கம்பெனி பெயர் இல்லை. மெல்லிய அட்டை, மங்கலான நீலம் அல்லது ரோஸ். முதுகில் பசை, அதன்மேல் ஒரு துணிப் பட்டை. உள்ளே கோடு கிடையாது, மார்ஜின் கிடையாது, தேதி எழுத இடம் கிடையாது. தாள் வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. பழைய வேட்டி நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தும்பு தும்பாக நார் தெரியும். விரலால் தடவினால் ஒரு பக்கம் கொஞ்சம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். அட்டையில் 192 பக்கம் என்று அச்சிட்டிருக்கிறது. எண்ணிப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

தாளின் எடையை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று. சாதாரணப் பள்ளி நோட்டுகள் 54, 60 என்ற அளவில் இருக்கும். செய்தித்தாள் வகைத் தாள் 45, 48 என்று அதற்கும் கீழே. ரஃப் நோட்டு இந்தக் கீழ் வகை. மரத்தை வேதிப்பொருளில் வேகவைக்காமல் அரைத்தே கூழாக்குவதால், அல்லது பழைய தாளைக் கரைத்துச் செய்வதால், மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் அதுதான் மஞ்சளாக மாறுகிறது. அதோடு, மை பரவாமல் நிற்பதற்காக எழுதும் தாளுக்குச் செய்கிற பசைப்பூச்சு இதற்குக் கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். செய்தித்தாள் மை உடனே உறிஞ்சப்பட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பேப்பர் படிக்கிறவர் கையெல்லாம் கறுப்பாகிவிடும்.

தாள் பற்றிப் பேசும்போது நம் ஊர் ஆலையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் காகிதபுரம் ஆலை, தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். 1979இல் தமிழக அரசு தொடங்கி, 1984இல் உற்பத்திக்கு வந்தது. சர்க்கரை ஆலையில் கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து தாள் செய்வதுதான் அதன் பெருமை. பெயரில் செய்தித்தாள் இருந்தாலும் இப்போது பெரும்பாலும் எழுதும் தாளும் அச்சுத்தாளும்தான் அங்கே. என் ரஃப் நோட்டு அந்த ஆலைத் தாள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஊரும் பேரும் இல்லை, அது எனக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது.

இந்தத் தாளில் எதை வைத்து எழுதுவது என்பது பெரிய விஷயம். மைப் பேனா கூடவே கூடாது. நிப் நாரில் மாட்டும், மாட்டின இடத்தில் மை குளம் கட்டும், ‘ழ’வும் ‘மு’வும் ஒரே பொட்டாகிவிடும். ஜெல் பேனா பின்பக்கத்துக்கு இறங்கும். பென்சில் அருமையாக எழுதும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். பென்சில் என்றால் கை தானாக ரப்பரைத் தேடும். அழிக்கத் தொடங்கினால் சிவப்புப் பேனா திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தம். ரெனால்ட்ஸ் 045, நீல மூடி வெள்ளை உடம்பு, நாம் எல்லாரும் பரீட்சை எழுதினது, அதுதான் இதற்குச் சரி. மை கெட்டி, பரவாது, அழிக்கவும் முடியாது. பிடிக்காத வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதான். கோட்டுக்கு அடியில் அந்த வாக்கியம் படிக்கிற மாதிரியே இருக்கும். நாலு பக்கம் தாண்டி அதுவே வேண்டும் என்று தோன்றினால் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

இனி நோட்டு வேலை செய்யும் விதம். ஒரு பக்கத்தை அப்படியே காட்டினால்தான் புரியும். போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் மணிவிழா மலருக்காக எழுதியது, வீட்டாரின் அனுமதியோடு. திருக்கடையூரில் விழா, இருநூறு பிரதி, எட்டுப் பக்கம். மதுரை–கம்பம் தடத்தில் நெடுங்காலம் ஓட்டியவர். பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து பேசிவிட்டுப் போன அன்று சாயங்காலம் நோட்டில் விழுந்தது இது:

‘கடமை கண்ணியம் கட்டுப்பாடு என வாழ்ந்த – இது எல்லா மலரிலும் இருக்கு. நேரம் தவறாதவர். டிரைவர் நேரம் தவறினால் மெமோ கொடுப்பான், இதில் என்ன பெருமை. அன்பான கணவர் பாசமான தந்தை – ம்ஹூம். கம்பம் ட்ரிப். ஆண்டிபட்டி கணவாயில் வண்டி ஏறும்போது யார் பேசினாலும் பதில் வராது (யார் சொன்னது? கண்டக்டரா சின்னவளா, கேட்கணும்). தூங்கும்போது வலது கால் அசையும், பிரேக். திராட்சை. கம்பத்திலிருந்து திராட்சை வாங்கி வருவார். எதில்? பை கிடையாது என்றாள் பெரியவள். டிபன் பாக்ஸ். சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸைக் கழுவி அதில். நசுங்காமல். சாம்பார் வாசம் அடிக்கும் திராட்சை!! இதுதான். மேலே எழுதினது எதுவும் வேண்டாம்.’

இப்படி ஒரு பக்கத்தைப் பள்ளியில் யாராவது என்னிடம் நீட்டியிருந்தால் நிற்க வைத்திருப்பேன். பாதி வாக்கியத்துக்குப் பயனிலை இல்லை, பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் கலந்து கிடக்கிறது, நிறுத்தக்குறி நினைத்த இடத்தில். ஆனாலும் அந்தப் பக்கத்தில் முதல் மூன்று வரியைப் பாருங்கள். கடமை, கண்ணியம், அன்பான கணவர் எல்லாம் எத்தனையோ மலர்களில் தேய்ந்த சொற்கள். அவற்றை மனசுக்குள்ளேயே தடுத்து நிறுத்தினால் பின்னால் வருகிற எதுவும் வராது. வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். எழுதிக் கோடு இழுத்தால்தான் வழி விடும். சாம்பார் வாசத் திராட்சை அவ்வளவும் தாண்டித்தான் வந்தது. தகவல் அன்று மத்தியானமே பெரியவள் வாயிலிருந்து என் காதில் விழுந்துவிட்டது, நான் தலையாட்டிக்கொண்டேன்கூட. அது முக்கியம் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது.

அச்சான மலரில் அது இப்படி இருக்கிறது: ‘கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்குச் சாம்பார் வாசம் உண்டு என்றே இந்த வீட்டுப் பெண்கள் இருவரும் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அப்பாவின் டிபன் பாக்ஸைத் தவிர வேறு வழியாக அந்தப் பழம் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.’ ஒற்று, புள்ளி எல்லாம் ஒழுங்காக. சிவப்புப் பேனாவுக்கும் கடைசியில் வேலை கொடுத்தாயிற்று. அதற்குரிய நேரம் அதுதான்.

விழா மண்டபத்தில் அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அது கழுவின டப்பாதான் டீச்சர், நல்லா சோப்பு போட்டுக் கழுவினது” என்று மட்டும் சொன்னார்.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைக்க வேண்டாம். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின் தன் வரலாற்றுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் வாக்கியத்தை மனதில் திருத்திக்கொண்டு பிறகு எழுதுவாராம். பிற்காலத்தில், பாதிச் சொற்களைச் சுருக்கி, மோசமான கையெழுத்தில் பக்கம் பக்கமாக வேகமாகக் கிறுக்கித் தள்ளிவிட்டு அப்புறம் நிதானமாகத் திருத்துவது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று கண்டுகொண்டார். அப்படிக் கிறுக்கிய வாக்கியங்கள் பல சமயம் யோசித்து எழுதியதைவிட நன்றாக இருந்தன என்றும் சொல்கிறார். அந்தக் கிறுக்கலை நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர் வாழ்ந்த டவுன் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அந்த ஆசிரியர்மேல் எனக்கு ஒரு தனிப் பரிவு. டார்வினின் கைப்பிரதித் தாள்கள் சிலவற்றின் பின்பக்கத்தில் அவருடைய குழந்தைகள் வரைந்த படங்களும் இன்றைக்கு இருக்கின்றன. வீட்டில் அந்தத் தாளுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

மற்ற சாதனங்களோடு ஒப்பிடாமல் விமர்சனம் முடியாது. பழைய மாணவி ஒருத்தி அன்பாகக் கொடுத்த டைரி ஒன்று இருக்கிறது. கெட்டி அட்டை, ரிப்பன், தந்த நிறத் தாள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன், மிக அழகாக வந்தது. அதற்குப் பிறகு அதில் எழுத எனக்குத் தகுதியான வாக்கியம் கிடைக்கவில்லை. பிள்ளையார் சுழியே ஓலை காலத்தில் எழுத்தாணியும் ஓலையும் ஒழுங்காக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த கிறுக்கல்தான் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த விளக்கம்.

அடுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள். பழைய வினாத்தாள்களை அடுக்கி கிளிப் போட்டு வைத்துக்கொண்டால் செலவே இல்லை. ஆனால் வாக்கியம் வராத நேரத்தில் கை தாளைத் திருப்பும். பின்னால் ‘பொருத்துக’ இருக்கும். நான் உட்கார்ந்து பொருத்திக்கொண்டிருப்பேன்.

கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் நன்றாகவே தட்டுவேன். இறுதிப் பிரதி முழுக்க அதில்தான். முதல் பிரதிக்கு அது ஆகாது என்பது என் கருத்து. சொல்லுக்கு அடியில் சிவப்பு நெளிகோடு வரும், என் தொழிலை எனக்கே காட்டும். அதைவிட முக்கியம், அச்செழுத்தில் எதை அடித்தாலும் முடிந்துபோனது மாதிரி முகம் காட்டும். முடியாத வாக்கியம் முடிந்ததுபோல் நின்றால் அதை எடுக்கவும் மனம் வராது, தொடரவும் கை வராது. கூகுள் 2017இல் தமிழுக்கும் குரல் தட்டச்சு கொண்டுவந்த பிறகு போனில் பேசியும் பார்த்திருக்கிறேன். வீட்டார் பேசுவதைப் பிடித்து வைக்க உதவும். பேசிக்கொண்டே யோசிக்கிற ஆளுக்கு அது நல்ல ரஃப் நோட்டுதான். நான் வகுப்பில் பேசிப் பழகியவள், வாயைத் திறந்தால் முழு வாக்கியம்தான் வரும். எனக்கு ஆகவில்லை.

சரி, குறைகள். பசை மோசம். நோட்டை முழுதாக விரித்து வைத்தால் முதுகு உடைந்து நடுவில் ஒரு கொத்துத் தாள் கையோடு வரும். வாங்கியதும் இரண்டு இடத்தில் துளை போட்டுச் சணல் கட்டிவிடுகிறேன். ஈரக் கையோடு தொடக்கூடாது. ராமபாணப் பூச்சிக்கு இந்தத் தாள் விருந்து. அலமாரியின் அடித்தட்டில் வைத்த நோட்டில் ஓரமெல்லாம் சல்லடையாகிவிட்டது. நாலைந்து வருஷத்தில் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடியும். நாட்குறிப்போ, பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டிய கடிதமோ இதில் எழுதாதீர்கள். மலர் அச்சானதும் நான் நோட்டை எடைக்குப் போட்டுவிடுவேன், அதனால் எனக்கு இது குறையாகப் படவில்லை. எடைக்காரர் இதற்குப் பேப்பர் விலைதான் கொடுப்பார், நோட்டு விலை கொடுக்கமாட்டார்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ரஃப் நோட்டில் எழுதக்கூடாதது பெயர்களும் தேதிகளும். வாக்கியம் எவ்வளவு அலங்கோலமாகவும் இருக்கலாம், ஆனால் இனிஷியல் ஒன்று மாறினால், சம்பந்தி வீட்டுப் பெயர் ஒன்று விட்டுப்போனால், மலர் வெளியான மேடையிலேயே பேச்சு நின்றுவிடும். பெயர், உறவு முறை, படித்த பட்டம், பணியில் சேர்ந்த தேதி இவற்றுக்கு நான் தனியாக ஒரு கோடு போட்ட சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டார் முன்னாலேயே எழுதி, படித்துக்காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். ரஃப் நோட்டில் அவர்கள் வெறும் ‘பெரியவள்’, ‘சின்னவள்’, ‘கோபக்கார மாமா’. எழுதுகிற வேகத்துக்கு அதுவே போதும். கோபக்கார மாமா எக்காரணம் கொண்டும் அந்த நோட்டைப் பார்க்கக்கூடாது என்பது தனி விஷயம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று பசைக்கு.

விலை, நான் வாங்கும் கடையில் 45 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து பூஜ்யமாகிவிட்டதே, விலை இறங்காதா என்று கேட்டேன். “இது பழைய ஸ்டாக் டீச்சர்” என்றார் கடைத் தம்பி. அடுத்த முறை போனபோதும் அது பழைய ஸ்டாக்காகவே இருந்தது. மதுரையில் முன்பு இதற்கெல்லாம் புது மண்டபத்துக்குள் நுழைந்தால் போதும், தூணுக்குத் தூண் புத்தகக் கடையும் நோட்டுக் கடையும். இப்போது அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பெரிய ஸ்டேஷனரி கடைகளில் இந்த நோட்டு கண்ணில் படாது. பள்ளிக்கூட வாசல் கடைகளிலும் பழைய மொத்தக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். வெறுமனே ரஃப் நோட்டு என்றால் கோடு போட்ட வெள்ளைத் தாளைத் தலையில் கட்டிவிடுவார்கள். ‘பேப்பர் மட்டமா இருக்கும் டீச்சர், உங்களுக்கு வேண்டாம்’ என்று நல்லெண்ணத்தோடு தடுக்கவும் செய்வார்கள். மட்டமான பேப்பர்தான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் போகவே வேண்டாம், பள்ளி திறக்கிற கூட்டத்தில் கோடு போடாததை எடுத்துக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.